ராஜா ஓடிய நாளில் யார் எங்கே நின்றார்கள்: 2 சாமுவேல் 13–20-ஐத் தியானிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

பழைய ஏற்பாட்டில் அரியணைக்காக நடந்த சண்டைகளுக்குக் குறைவே இல்லை. சவுல் தாவீதை வனாந்தரமெங்கும் துரத்தினான். சவுல் இறந்தபின் அவன் படைத்தலைவன் அப்னேர், சவுலின் மகன் இஸ்போசேத்தை ராஜாவாக்கி யூதாவோடு மோதினான். தாவீது முதிர்ந்து படுக்கையில் இருந்தபோது, அவன் மகன் அதோனியா தானே ராஜா என்று விருந்து வைத்தான். யெகூ, அத்தாலியாள் என்று பிற்காலத்திலும் இந்த வரிசை நீள்கிறது. ஒருவருக்கு உண்மையாய் நிற்பது என்றால் என்ன, அதிகாரம் மனிதரை என்ன செய்கிறது என்று தியானிக்க விரும்பி, எங்கே தொடங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, தாவீதின் மகன் அப்சலோம் தகப்பனுக்கு எதிராகச் செய்த கலகம்தான். ஒரே நாளில், ஒரே பாதையில், அத்தனை பேர் தாங்கள் யார் பக்கம் என்று முடிவு செய்யவேண்டி வந்த வேறு பகுதி வேதத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

தாவீதின் இடத்தில் நம்மை வைத்துக்கொண்டு இதை வாசிப்பது நமக்கு வழக்கம். பிரசங்கங்களும் பெரும்பாலும் அப்படித்தான் போகின்றன: நமக்குத் துரோகம் செய்தவர்கள், நம்மைத் தூஷித்தவர்கள், கடைசியில் கர்த்தர் நம்மைத் திரும்பக் கொண்டுவருவார். அந்த வாசிப்பில் ஆறுதல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் ராஜாக்கள் கிடையாது. வழியோரத்தில் நின்று, அழுதுகொண்டு போகும் ராஜாவைப் பார்த்தவர்களின் இடமே நமக்கு நெருக்கமான இடம். அங்கே நின்று வாசிக்கப் பழகுவதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

முதல் படி: 13-ஆம் அதிகாரத்திலிருந்து, ஒரே அமர்வில்

ஒரு நோட்டு, பேனா, ஒத்தவாக்கிய வேதாகமம் இருந்தால் போதும். பவர் திருப்புதலை வாசித்தாலும் திருவிவிலியத்தை வாசித்தாலும் சரிதான். பெயர்களின் எழுத்து கொஞ்சம் மாறும், அதில் குழம்பவேண்டாம். 13 முதல் 20 வரை எட்டு அதிகாரங்களையும் சத்தமாக வாசித்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் குறிப்பு எடுக்காதீர்கள், கதையை மட்டும் கேளுங்கள்.

பலர் 15-ஆம் அதிகாரத்தில் தொடங்கிவிடுகிறார்கள். அப்படித் தொடங்கினால் அப்சலோம் வெறும் பதவி ஆசை பிடித்த மகனாகிவிடுவான். 13-ஆம் அதிகாரத்தில் தாவீதின் மகள் தாமாருக்கு, தாவீதின் இன்னொரு மகன் அம்னோனால் நடந்த கொடுமையை வாசித்துவிட்டு, 21-ஆம் வசனத்தில் நில்லுங்கள். தாவீது ராஜா கேள்விப்பட்டான், மிகவும் கோபப்பட்டான். அதற்குப் பிறகு ஒன்றும் செய்யவில்லை. அம்னோன் தண்டிக்கப்படவில்லை, தாமாரிடம் ராஜா வந்து பேசியதாகவும் இல்லை. அவள் தன் அண்ணன் அப்சலோமின் வீட்டில் தனித்துக் கிடந்தாள். அப்சலோம் இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் காத்திருந்து அம்னோனைக் கொன்றான். பிறகு கேசூரில், தன் தாயின் தகப்பனான தல்மாயிடம் மூன்று வருஷம். எருசலேமுக்குத் திரும்பியபின் தகப்பன் முகத்தைப் பார்க்காமல் இன்னும் இரண்டு வருஷம். தாவீதின் படைத்தலைவன் யோவாபின் வாற்கோதுமை வயலைக் கொளுத்தித்தான் அவன் ராஜாவின் முன் வரமுடிந்தது.

இவ்வளவும் தெரிந்தபின் 15-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஊர் வாசலில் நின்று, வழக்கோடு வருகிறவர்களிடம் அப்சலோம் சொல்வது என்ன? உன் வழக்கு நியாயமானது, ஆனால் அதைக் கேட்க ராஜாவின் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவன் அதை வைத்து ஜனங்களின் இருதயத்தைக் கவர்ந்துகொண்டான் என்று வேதம் சொல்கிறது. இரதமும் குதிரைகளும் முன்னால் ஓட 50 பேரும் வைத்துக்கொண்டு, எளியவர்களின் நண்பனாக நடித்தான். ஆனாலும் அந்தப் பேச்சு எடுபட ஒரு காரணம் இருந்தது. தன் மகளின் வழக்கையே கேட்காத ராஜா அவன் தகப்பன். கலகம் தவறு. அது முளைத்த நிலம் அரண்மனைக்குள்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: பாதையை வரையுங்கள்

வேதாகமத்தின் பின்பக்கத்து வரைபடத்தைப் பார்த்து ஒரு கோடு போட்டால் போதும். எருசலேம், கீதரோன் ஆறு, ஒலிவமலை, பகூரீம், யோர்தான், அதற்கு அப்பால் கீலேயாத்தில் மகனாயீம். இஸ்போசேத்தை அப்னேர் ராஜாவாக்கிய ஊரும் அதே மகனாயீம்தான். சவுல் வீட்டாரின் பழைய தலைநகரில் தாவீது அடைக்கலம் தேடவேண்டியதாயிற்று.

மூன்றாம் படி: நோட்டில் இரண்டு பத்திகள்

ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் 'போகும்போது' என்றும் வலப்பக்கம் 'வரும்போது' என்றும் எழுதுங்கள். போகும்போது தாவீது சந்திப்பவர்கள் வரிசையாக வருகிறார்கள்: ஈத்தாய், உடன்படிக்கைப் பெட்டியோடு ஆசாரியரான சாதோக்கும் அபியத்தாரும், மலை உச்சியில் ஊசாய், அதைத் தாண்டியதும் சீபா, பகூரீமில் சீமேயி. மகனாயீமில் சோபி, மாகீர், பர்சிலா மூவரும் படுக்கையும் பாத்திரங்களும் கோதுமையும் தேனும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 19-ஆம் அதிகாரத்தில், வெற்றிக்குப் பின், யோர்தான் கரையில் சீமேயி, சீபா, மேவிபோசேத், பர்சிலா மீண்டும் வருகிறார்கள். வலப்பக்கத்தில் அவர்களை எழுதுங்கள்.

இந்தப் பக்கம்தான் உங்கள் தியானத்துக்கு அடிப்படை. ஒரு நாளைக்கு ஒரு பெயர். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: இவன் நின்றதால் என்ன இழந்தான்? என்ன கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம்? வேதம் அவன் மனதைப் பற்றி உண்மையிலேயே ஏதாவது சொல்கிறதா, அல்லது நாம் ஊகிக்கிறோமா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அப்சலோம் மரத்தில் முடி சிக்கித் தொங்கினான் என்று எல்லாரும் சொல்வோம். 18:9-ஐப் பாருங்கள், தலை மாட்டிக்கொண்டது என்றுதான் இருக்கிறது. முடியைப் பற்றிய வசனம் 14-ஆம் அதிகாரத்தில், வேறு இடத்தில் வருகிறது. சிறிய விஷயத்தில் இப்படி நடக்குமென்றால், ஒருவனை உண்மையுள்ளவன், துரோகி என்று தீர்ப்பதிலும் நாம் எழுதப்படாததைச் சேர்த்துவிடக்கூடும்.

நான்காம் படி: ஒவ்வொருவராக

ஈத்தாயில் தொடங்குங்கள். காத் ஊரான், பெலிஸ்தன், கோலியாத்தின் ஊர்க்காரன். 600 பேரோடும் பிள்ளைகுட்டிகளோடும் வந்திருந்தான். தாவீது அவனைப் போகச் சொல்கிறான்: நீ நேற்று வந்தவன், அந்நியன், எங்களோடு ஏன் அலையவேண்டும், திரும்பிப்போய் ராஜாவோடு இரு. இங்கே 'ராஜா' என்று தாவீது சொல்வது அப்சலோமை. பட்டத்தைத் தானே விட்டுக்கொடுத்துப் பேசுகிறான். அவனோடு போவதில் எந்த லாபமும் இல்லை என்று அவன் வாயாலேயே சொல்லியாயிற்று. ஈத்தாய் கர்த்தருடைய ஜீவன்மேல் ஆணையிட்டு, செத்தாலும் பிழைத்தாலும் நீர் இருக்கும் இடத்தில் இருப்பேன் என்கிறான். பெற்ற மகன் எதிராக நின்ற நாளில், கூட நின்றவன் நேற்று வந்த புறஜாதியான்.

தியானத்துக்கு இங்கே ஒரு நாள் முழுவதும் கொடுக்கலாம். உங்கள் வாழ்க்கையில் நேற்று வந்தவர்கள் யார்? போகலாம் என்று நீங்களே வழிவிட்ட பிறகும் போகாதவர்கள் யார்? பெயரை எழுதி, அவர்களுக்காக நன்றி சொல்லுங்கள். எங்கள் ஜெபக்கூட்டத்தில் இந்தப் பகுதிக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்துபோய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வருவார். அது எனக்குப் பிடிக்கும்.

சாதோக்கும் அபியத்தாரும் தேவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாவீது அதைத் திருப்பி அனுப்பினான். 1 சாமுவேல் 4-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். பெலிஸ்தரோடு தோற்ற இஸ்ரவேலர், பெட்டியைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனால் ஜெயிக்கலாம் என்று எண்ணி, பெட்டியையே பறிகொடுத்தார்கள். தாவீதுக்கு அன்றைக்கு அந்தப் பெட்டி கையில் இருந்திருந்தால் தன் பக்கமே தேவன் பக்கம் என்று காட்டிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். கர்த்தருக்குச் சித்தமானால் திரும்பவும் அதைப் பார்ப்பேன், இல்லையென்றால் அவருடைய பார்வைக்கு நலமானதைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டான். அதிகாரத்தைப் பற்றி இந்த எட்டு அதிகாரங்களில் எனக்கு மிகவும் அருமையான இடம் இதுதான்.

அகித்தோப்பேலிடம் அவசரப்படாதீர்கள். தாவீதின் ஆலோசகன், அவன் சொல் தேவவாக்கைப்போல் எண்ணப்பட்டது. ஏன் அப்சலோம் பக்கம் போனான்? வேதம் காரணம் சொல்லவில்லை. ஆனால் ஒத்தவாக்கியங்களைப் பாருங்கள்: 11:3-இல், உரியாவின் மனைவியாயிருந்து தாவீது அபகரித்த பத்சேபாள் எலியாமின் மகள். 23:34-இல் அகித்தோப்பேலின் மகன் எலியாம், தாவீதின் பராக்கிரமசாலிகளில் ஒருவன். இரண்டும் ஒரே எலியாம் என்றால், அகித்தோப்பேல் பத்சேபாளின் தாத்தா. பழைய காலத்திலிருந்தே பலர் இப்படி எண்ணியிருக்கிறார்கள். இது ஊகம்தான், உறுதி கிடையாது. ஆனால் அந்த ஊகம் நம்மைக் கேட்கவைக்கும் கேள்வி நல்ல கேள்வி: துரோகம் என்று நாம் பெயர் வைத்ததற்குப் பின்னால், நாம் ஆற்றாத காயம் ஒன்று இருக்கிறதா?

அவன் தாவீதுக்கு விரோதமாகச் சேர்ந்தான் என்று கேட்டதும், அந்த ஆலோசனையைப் பைத்தியமாக்கும் என்று தாவீது ஜெபிக்கிறான். அடுத்த வசனத்திலேயே ஊசாய் வந்து நிற்கிறான், கிழிந்த சட்டையோடும் தலையில் மண்ணோடும். தாவீது அவனை உளவுக்கு அனுப்புகிறான். ஊசாய் அப்சலோமிடம் பேசுவதெல்லாம் இரண்டு அர்த்தம் கொள்ளக்கூடிய பேச்சு. உண்மையாய் இருப்பதற்காகப் பொய்யாய்ப் பேசலாமா என்று புதிதாக வாசிக்கிறவர் கேட்டால், அந்தக் கேள்வியை நோட்டில் எழுதி வையுங்கள். வேதம் அவனை அந்த இடத்தில் பாராட்டவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. உடனே பதில் கண்டுபிடிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

சீபாவும் மேவிபோசேத்தும்தான் கடினமான பகுதி. இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். மேவிபோசேத் யோனத்தானின் மகன். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடுகையில் விழுந்து இரண்டு கால்களும் முடமானவன். யோனத்தானோடு செய்த உடன்படிக்கையின் நிமித்தம், தாவீது அவனை லோதேபாரிலிருந்து அழைத்துவந்து தன் பந்தியில் உட்காரவைத்தான். ராஜா ஓடிய நாளில் வேலைக்காரன் சீபா, 200 அப்பங்களும் உலர்ந்த திராட்சையும் பழங்களும் திராட்சரசமும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு வந்து, என் எஜமான் எருசலேமில் தங்கிவிட்டான், தன் தாத்தாவின் ராஜ்யம் தனக்கு வரும் என்கிறான் என்று சொன்னான். விசாரணையே இல்லாமல் தாவீது நிலம் முழுவதையும் சீபாவுக்குக் கொடுத்தான். திரும்பி வரும்போது மேவிபோசேத் எதிரே வருகிறான். ராஜா போன நாள் முதல் கால்களைப் பேணாமல், தாடியைச் சீர்ப்படுத்தாமல், உடையை வெளுக்காமல் இருந்தவன். என் வேலைக்காரன் என்னை ஏமாற்றி விட்டுவிட்டுப் போனான் என்கிறான். தாவீது நிலத்தைப் பாதியாகப் பிரிக்கிறான். மேவிபோசேத் சொல்கிறான்: ராஜா சமாதானமாய் வந்துவிட்டாரே, எல்லாவற்றையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும்.

யார் சொன்னது உண்மை? என் மனம் மேவிபோசேத் பக்கம் சாய்கிறது. அவன் தாடியையும் உடையையும் பற்றிச் சொல்வது அவன் வாய் இல்லை, கதை சொல்கிறவரே சொல்கிறார். யூத ரபிமார்கள் இதைப் பற்றி நெடுநாள் வாதாடியிருக்கிறார்கள். தாவீது பழிச்சொல்லை நம்பினான் என்று ஒருவர், இல்லை என்று இன்னொருவர். தாவீது நிலத்தைப் பிரி என்று சொன்ன நேரத்தில், ரெகொபெயாமும் யெரொபெயாமும் ராஜ்யத்தைப் பிரித்துக்கொள்வார்கள் என்று வானத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது என்றும் ரபிமார்களின் போதனைத் தொகுப்பான தல்மூதில் ஒரு மரபு உண்டு. ஒரு வேலைக்காரனின் பேச்சைக் கேட்டு ஒருதலையாகத் தீர்ப்பு சொன்னதை அவர்கள் அவ்வளவு பெரிதாக எண்ணினார்கள். அந்த இரண்டு நாளும் ஒரே ஒரு ஜெபம் போதும்: ஒரு பக்கம் மட்டும் கேட்டு நான் தீர்த்துவிட்ட மனிதரின் முகத்தை எனக்குக் காட்டும்.

சவுல் வீட்டானான சீமேயி தாவீதின்மேல் கல்லெறிந்து தூஷித்தது எல்லாருக்கும் தெரியும், நீண்ட விளக்கம் வேண்டாம். அவன் ஊரான அதே பகூரீமில்தான், 17-ஆம் அதிகாரத்தில், பெயர் தெரியாத ஒரு பெண் ஆசாரியரின் இரண்டு மகன்களைக் கிணற்றில் ஒளித்து, வாயில் துணியை விரித்து, நொய்யைப் பரப்பி மறைத்தாள். ஒரே ஊரில் கல்லும் இருந்தது, அந்தக் கிணறும் இருந்தது. ஊரையோ சாதியையோ சபையையோ மொத்தமாக ஒரு பக்கம் தள்ளிப் பேசும் பழக்கம் நமக்கு இருந்தால் இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்கலாம்.

ஐந்தாம் படி: யாரும் கேட்காதவர்கள்

உங்கள் இரண்டு பத்திகளிலும் இடம்பெறாத பெயர்களுக்கு இன்னொரு பக்கம் திறங்கள். தாவீது ஓடும்போது வீட்டைக் காக்க மறுமனையாட்டிகள் பத்துப் பேரை விட்டுப்போனான். 16-ஆம் அதிகாரத்தில், அகித்தோப்பேலின் ஆலோசனைப்படி, அரண்மனை உப்பரிகையில் கூடாரம் போட்டு, எல்லா இஸ்ரவேலும் பார்க்க அப்சலோம் அவர்களிடத்தில் பிரவேசித்தான். தான் ராஜா என்று காட்ட அவர்களுடைய உடலைப் பயன்படுத்தினான். அதே உப்பரிகையிலிருந்துதான் தாவீது பத்சேபாளைப் பார்த்தான். 20:3-இல் தாவீது திரும்பி வந்து அந்தப் பத்துப் பேரையும் ஒரு வீட்டில் அடைத்துப் பராமரித்தான். சாகும் நாள்வரை விதவைகளைப்போல் இருந்தார்கள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

அவர்கள் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. விட்டுப்போன இடத்தில் இருந்தார்கள். அந்தப் பத்துப் பேருக்காக, பெயர் தெரியாவிட்டாலும், மவுனமாக உட்கார்ந்திருங்கள். இந்த வசனத்தைத் தாண்டிப் போய்விட்டு உண்மையைப் பற்றிப் பேசுவது எனக்கு இயலாத காரியம். ஊரார் சண்டையிலும் குடும்பச் சண்டையிலும் விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் எந்தப் பக்கமும் சேராதவர்களே.

ஆறாம் படி: யோவாபோடு சற்று நேரம்

புதியவர்கள் யோவாபை வில்லனாக்கிவிடுவார்கள். அவன் படைத்தலைவர்களான அப்னேரையும் அமாசாவையும் வஞ்சகமாய்க் கொன்றான். பிள்ளையாண்டானை மெதுவாய் நடத்துங்கள் என்று ராஜா எல்லார் காதிலும் படச் சொல்லியிருந்தும், மூன்று ஈட்டிகளை அப்சலோமின் நெஞ்சில் குத்தினான். ஆனால் பத்சேபாளின் கணவன் உரியாவின் சாவுக்காகத் தாவீதிடமிருந்து வந்த கடிதத்தை வாசித்து அப்படியே நடத்தியவனும் அவன்தான். ரப்பா பட்டணத்தைப் பிடிக்கும் தறுவாயில், வெற்றிப் பெயர் தனக்கு வராதபடி தாவீதை வரச்சொல்லி அனுப்பியவனும் அவனே. தாவீது, "என் மகனே, அப்சலோமே" என்று அழுதபோது, உமக்காக உயிரைக் கொடுத்தவர்களை வெட்கப்படுத்துகிறீர், எழுந்து போய் அவர்களோடு பேசும் என்று ராஜாவிடம் நேரே சொல்ல ஒருவன்தான் இருந்தான்.

அவனுடைய உண்மை முழுவதும் தாவீது என்ற ஒரு மனிதனின் அதிகாரத்துக்கே. அதற்காக எதையும் செய்தான், அதில் தன் பழியையும் தன் பதவியையும் சேர்த்துக்கொண்டான். ஒரு தலைவருக்காக, ஒரு ஸ்தாபனத்துக்காக நாம் செய்யத் துணிந்த காரியம் எது என்று இங்கே நோட்டில் எழுதலாம். அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டவேண்டியதில்லை.

ஏழாம் படி: இந்தப் பகுதியை ஆயுதமாக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. நம் சபைகளில் கணக்குக் கேட்கிறவரை 'அப்சலோம்' என்று அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். கர்த்தர் அபிஷேகம் பண்ணினவரைத் தொடாதே என்று சொல்லிக் கேள்விகளை அடக்குவதையும் பார்த்திருப்பீர்கள். சங்கீதம் 105:15-ஐ அதன் இடத்தில் வாசியுங்கள். ஊர் ஊராய்ப் பரதேசிகளாய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றி, பலமுள்ள ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிப்பு அது. பலவீனரைக் காக்கச் சொன்ன வசனம். சவுல்மேல் கைபோட மறுத்த தாவீது, 1 சாமுவேல் 24-இல் குகைக்கு வெளியே வந்து, என்னை ஏன் வேட்டையாடுகிறீர் என்று சவுலிடம் சத்தமிட்டுக் கேட்டான். கொல்லமாட்டேன் என்றான், பேசமாட்டேன் என்று சொல்லவில்லை. பத்சேபாள் விஷயத்தில் தீர்க்கதரிசி நாத்தான் ராஜாவின் முகத்துக்கு நேராக, நீயே அந்த மனுஷன் என்றான். தாவீதுக்கு உண்மையாய் இருந்தவர்களின் பட்டியலில் நாத்தானை முதலில் எழுதுவேன்.

எட்டாம் படி: மூன்றாம் சங்கீதத்தோடு ஜெபியுங்கள்

அதன் தலைப்பு, தாவீது தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடியபோது பாடியது என்கிறது. எட்டே வசனங்கள். ஒவ்வொரு நாள் தியானத்தின் முடிவிலும் இதை வாசிக்கலாம். ஐந்தாம் வசனத்தில் அவன் படுத்து நித்திரை செய்கிறான், விழித்துக்கொள்கிறான், கர்த்தர் தாங்குகிறார் என்கிறான். ராஜ்யம் போன இரவில் தூங்கமுடிந்தது. நண்பனின் துரோகத்தால் நெஞ்சு கனக்கிற நாட்களில் 55-ஆம் சங்கீதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிந்தித்தவன் சத்துருவாயிருந்தால் சகித்திருப்பேன் என்ற வசனங்கள் அதில் வருகின்றன.

பட்டியல் முடிந்ததும் 1 இராஜாக்கள் 1, 2 அதிகாரங்களுக்குப் போங்கள். அப்சலோமைப் பின்பற்றாத யோவாப் அதோனியாவைப் பின்பற்றியதையும், பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பெனாயாவின் கையால் செத்ததையும் அங்கே பார்ப்பீர்கள். அபியத்தாரும் அதோனியா பக்கம் போகிறான். தாவீதோடு எல்லா உபத்திரவத்தையும் பட்டவன் என்பதால் சாலொமோன் அவனைக் கொல்லாமல் ஆனதோத்துக்கு அனுப்பிவிடுகிறான். அதன்பின் 1 சாமுவேல் 22-ஐத் திறங்கள். சவுல் நோபின் ஆசாரியரைக் கொல்லச் சொன்னபோது, சேவகர் ராஜாவின் கட்டளைக்குக் கீழ்ப்படிய மறுத்து நின்றார்கள். ஏதோமியன் தோவேக்கு மட்டுமே 85 பேரையும் வெட்டினான். அதில் தப்பிய, ஆசாரியன் அகிமெலேக்கின் மகன்தான் இந்த அபியத்தார். பிறகு எரேமியா 1:1. எரேமியா, ஆனதோத்தில் இருந்த ஆசாரியரில் ஒருவன். இந்த மூன்று இடங்களையும் ஒரே நாளில் சேர்த்து வாசியுங்கள், நோட்டில் அபியத்தாருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.